வீட்டுத் திரைப்படத் தொகுப்பில் மெட்டாடேட்டாவைப் புதுப்பித்தல்: கைத்திருத்தங்கள் அழியாமல் காப்பது எப்படி?

நங்கநல்லூர்வாசி (சனி, காலை)

அனைவருக்கும் வணக்கம். அப்பா பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த டிவிடி தட்டுகளைக் கோப்புகளாக மாற்றி, ஒரு பழைய மேசைக் கணினியில் ஜெல்லிஃபின் (நம் படக்கோப்புகளை வரிசைப்படுத்தித் தொலைக்காட்சியில் காட்டும் மென்பொருள்) நிறுவி, கூடத்தில் உள்ள தொலைக்காட்சியில் பார்க்கும்படி அமைத்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே படம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். இருவருக்கும் தமிழில் படிப்பதுதான் வசதி என்பதால், நூலகத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்தேன்.

படம் ஓடுவதில் குறை ஒன்றும் இல்லை. படத்தைப் பற்றிய தகவலில்தான் (மெட்டாடேட்டா) சிக்கல். 1980-இல் வந்த ‘பில்லா’வைத் திறந்தால் 2007-இல் வந்த படத்தின் போஸ்டரும் நடிகர் பட்டியலும் வருகின்றன. ‘மாயா பஜார்’ தமிழ்ப் பதிப்புக்குத் தெலுங்குப் பதிப்பின் நடிகர்கள் காட்டப்படுகிறார்கள். பல படங்களுக்குப் பெயர் தமிழில் வந்தாலும் கதைச்சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அல்லது அந்த இடமே வெறுமையாக இருக்கிறது. இவற்றைக் கையால் திருத்தி வைத்த பிறகு, புதிய படங்களைச் சேர்த்து மொத்த நூலகத்தையும் புதுப்பித்தால் திருத்தங்களில் பாதி காணாமல் போகின்றன. புதுப்பிக்கவும் வேண்டும், திருத்தியதும் நிற்க வேண்டும். இதற்கு ஒழுங்கான வழிமுறை இருந்தால் சொல்லுங்கள்.

பெரம்பூர்_நூலகர் (சனி, நண்பகல்)

வணக்கம் நண்பரே. நீங்கள் குறிப்பிட்டவை வெவ்வேறு சிக்கல்கள். அவற்றைச் சேர்த்துத் தீர்க்க முயன்றால் எதுவும் தீராது. இது எந்தப் படம் என்று மென்பொருளுக்கு ஐயமின்றித் தெரியச் செய்வதே முதல் வேலை. அது உறுதியாகும் வரை மொழி, போஸ்டர், கதைச்சுருக்கம் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். தவறான படத்தின் சுருக்கத்தை எவ்வளவு நல்ல தமிழில் எழுதினாலும் அது தவறான படத்தின் சுருக்கம்தான்.

ஜெல்லிஃபின், எம்பி, கோடி ஆகிய மென்பொருள்கள் எல்லாமே அடிப்படையில் ஃபோல்டர் அல்லது கோப்பின் பெயரிலிருந்து படத்தின் தலைப்பையும் ஆண்டையும் பிரித்தெடுத்து, டிஎம்டிபி போன்ற இணையத் திரைப்படத் தரவுத்தளத்தில் தேடுகின்றன. தமிழ்த் திரைப்படங்களில் தலைப்பு மட்டும் போதவே போதாது. ‘பொல்லாதவன்’ 1980-இலும் 2007-இலும் வந்தது. ‘மாப்பிள்ளை’ 1989-இலும் 2011-இலும் வந்தது. ‘தில்லு முல்லு’ 1981, 2013. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965, 2010. எல்லாவற்றிலும் சிக்கலானது ‘விக்ரம்’: 1986-இல் வந்ததற்கும் 2022-இல் வந்ததற்கும் தலைப்பு ஒன்று, கதாநாயகனும் ஒருவரே. நடிகர் பெயரைப் பார்த்துச் சரி என்று நினைத்து நகர்ந்துவிட்டால் பிழை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே தலைப்பை அடுத்து வளைவு அடைப்புக்குள் ஆண்டை எழுதுவது கட்டாயம்.

ஆனால் ஆண்டும் சில நேரம் கைகொடுக்காது. திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டுப் பிறகு திரையரங்குக்கு வந்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘காக்கா முட்டை’ 2014 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது. இங்கே திரையரங்குகளில் வெளியானது 2015 ஜூன் மாதம். ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் விழாவில் காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் வெளியானது. நாம் திரையரங்கில் பார்த்த ஆண்டை நினைவில் வைத்து ஃபோல்டருக்குப் பெயரிடுவோம். தரவுத்தளமோ முதல் திரையிடலைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த ஓராண்டு வேறுபாட்டில் பொருத்தம் தவறலாம்.

அதனால் நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரிலும் அந்தப் படத்தின் டிஎம்டிபி எண்ணைச் சேர்த்துவிடுவது. நூலகத்தில் ஒரே தலைப்பில் எத்தனை நூல்கள் இருந்தாலும் அழைப்பெண் இருந்தால் கை நேராக உரிய நூலுக்குப் போகும். அந்த வேலையைத்தான் இந்த எண் செய்கிறது. டிஎம்டிபி தளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்தால் முகவரியிலேயே அந்த எண் இருக்கும். ஜெல்லிஃபினுக்கு, தலைப்பு, ஆண்டு ஆகியவற்றுக்குப் பின் சதுர அடைப்புக்குள் ‘டிஎம்டிபிஐடி’ என்பதைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதி, ஒரு சிறு கோடு இட்டு, எண்ணைத் தர வேண்டும். ஐஎம்டிபி எண்ணையும் இதே முறையில் தரலாம். ஏற்கெனவே தவறாகப் பொருந்திய படத்துக்கு, படத்தின் மெனுவில் உள்ள ‘அடையாளம் காண்’ என்ற வசதியைத் திறந்து இந்த எண்ணை இட்டுத் தேடினால் ஒரே ஒரு விடைதான் வரும்.

‘மாயா பஜார்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது 1957-இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் இரு மொழிகளிலும் எடுக்கப்பட்ட படம். அபிமன்யுவாகத் தமிழில் ஜெமினி கணேசனும் தெலுங்கில் நாகேஸ்வர ராவும் நடித்தார்கள். ரங்காராவ், சாவித்திரி, என். டி. ராமாராவ் ஆகியோர் இரண்டிலும் உண்டு. 1955-இன் ‘மிஸ்ஸியம்மா’வும் இப்படித்தான்: தமிழில் ஜெமினி, தெலுங்கில் என். டி. ஆர். ஆண்டு, இயக்குநர், பாதி நடிகர்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. எண் ஒன்றே இவற்றைப் பிரிக்கும்.

வடபழனி_எடிட் (சனி, மாலை)

நூலகர் ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். இரு மொழிப் படங்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். தனித்தனியே படமாக்கப்பட்டவையும் மொழிமாற்றம் செய்யப்பட்டவையும் தரவுத்தளத்தில் ஒரே முறையில் நடத்தப்படுவதில்லை. 2010-இன் ‘ராவணன்’ தமிழிலும் இந்தியிலும் தனியே எடுக்கப்பட்டது. தமிழில் வீராவாக நடித்த விக்ரம், இந்தியில் காவல்துறை அதிகாரியாக நடித்தார். எனவே இரண்டும் இரு வேறு பதிவுகள். 1998-இன் ‘உயிரே’ இந்திப் படத்தின் தமிழ் மொழிமாற்றம். அதற்குத் தனிப் பதிவைத் தேடி அலையக் கூடாது. இந்திப் படத்தின் பதிவிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாக ‘உயிரே’ என்ற தலைப்பும் தமிழ்ச் சுருக்கமும் இடம்பெற வேண்டும். இது தெரியாததால்தான் பலர் மொழிமாற்றப் படங்களைப் ‘பொருந்தவில்லை’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இனி மொழிச் சிக்கல். டிஎம்டிபி பயனர்கள் சேர்ந்து வளர்க்கும் தரவுத்தளம். ஒரு படத்தின் பதிவில் மூலத் தலைப்பு ஒன்று இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு மொழிக்கும் தலைப்பு, கதைச்சுருக்கம், விளம்பர வரி ஆகியவற்றைத் தனித்தனியே நிரப்ப இடம் இருக்கும். தமிழ்ப் படத்துக்கு மூலத் தலைப்பு தமிழில் இருப்பதால் பெயர் தமிழில் வந்துவிடுகிறது. கதைச்சுருக்கத்தைத் தமிழில் யாரும் எழுதவில்லை என்றால் அந்த இடம் காலியாகத்தான் வரும், அல்லது வேறு மூலத்திலிருந்து ஆங்கிலச் சுருக்கம் வந்து உட்காரும். உங்கள் வீட்டில் காணும் நிலை இதுதான். ஜெல்லிஃபினில் எந்த அமைப்பை மாற்றினாலும், எழுதப்படாத சுருக்கம் வரப்போவதில்லை.

போஸ்டருக்கும் இதே நிலைமைதான். ஏற்றப்படும் ஒவ்வொரு போஸ்டருக்கும் மொழிக்குறி உண்டு. தமிழ் எழுத்தில் தலைப்பு உள்ள அழகான போஸ்டரை ஒருவர் ஏற்றிவிட்டு, மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று விட்டுவிட்டால், தமிழ் போஸ்டரைத் தேடும் உங்கள் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். தளத்தில் கணக்குத் தொடங்கி அந்த மொழிக்குறியைச் சரிசெய்வது சில நிமிட வேலை. அதைச் செய்தால் உங்கள் வீட்டில் மட்டுமன்றி, இந்தப் படத்தை வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் சரியான போஸ்டர் வரும். என் வேண்டுகோள் இதுதான்: வீட்டில் திருத்துவதற்கு முன் மூலத்தில், அதாவது டிஎம்டிபியில், திருத்துங்கள். கதைச்சுருக்கம் எழுதும்போது வேறு தளத்தில் உள்ளதை அப்படியே எடுத்து ஒட்டாமலும், இயந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தாமலும், முடிவை வெளிப்படுத்தாமலும், நான்கைந்து வாக்கியங்களில் நீங்களே எழுதுங்கள்.

திருவான்மியூர்_சர்வர் (சனி, இரவு)

வடபழனி நண்பரின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் மூலத்தில் மட்டும் திருத்திவிட்டு அதையே நம்பியிருப்பது எனக்கு ஏற்புடையதன்று. இன்று நீங்கள் எழுதியதை நாளை வேறொருவர் மாற்றலாம். உங்கள் தொகுப்பின் தகவல் உங்கள் வட்டில், படக்கோப்பின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதற்காகவே என்எஃப்ஓ கோப்புகள் இருக்கின்றன.

என்எஃப்ஓ என்பது வெறும் எழுத்துக் கோப்பு. படக்கோப்பின் பெயரிலேயே, கடைசி மூன்று எழுத்து மட்டும் மாறி, அதே ஃபோல்டருக்குள் இருக்கும். தலைப்பு, மூலத் தலைப்பு, வெளியான நாள், கதைச்சுருக்கம், இயக்குநர், நடிகர்கள், டிஎம்டிபி எண் எல்லாம் அதனுள் அடங்கும். ஜெல்லிஃபின் நூலக அமைப்பில், மெட்டாடேட்டாவைச் சேமிக்கும் இடத்தில் என்எஃப்ஓ என்பதையும், போஸ்டர் முதலிய படங்களை மீடியா ஃபோல்டரிலேயே சேமிக்கும் வசதியையும் தேர்ந்தெடுங்கள். கோடி பயன்படுத்துபவர்கள் அமைப்புகளில் உள்ள நூலக ஏற்றுமதியைத் திறந்து, ஒரே கோப்பாக அல்லாமல் தனித்தனிக் கோப்புகளாக என்று தேர்ந்தெடுத்தால் இதே பயன் கிடைக்கும். ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறினாலும் அது இவற்றைப் படித்துக்கொள்ளும்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் வந்து வந்து போய், பிறகு முழுமையாக நின்றது. சர்வரின் உள்தரவுத்தளம் அந்தத் தடுமாற்றத்தில் சிதைந்துவிட்டது. படங்களும் என்எஃப்ஓ கோப்புகளும் வேறு வட்டில் இருந்ததால், ஜெல்லிஃபினைப் புதிதாக நிறுவி ஒருமுறை ஸ்கேன் செய்தவுடன் தமிழ்ச் சுருக்கங்கள், போஸ்டர்கள் உட்பட எல்லாம் திரும்பின. பார்த்த படங்களின் கணக்கு மட்டும் போயிற்று.

இனி நங்கநல்லூர் நண்பரின் முதன்மைக் கேள்வி. ஜெல்லிஃபினில் புதுப்பிப்பு மூன்று வகை. புதிய, மாறிய கோப்புகளை மட்டும் பார்ப்பது முதல் வகை. விடுபட்ட தகவலை மட்டும் தேடி நிரப்புவது இரண்டாவது. எல்லாத் தகவலையும் அகற்றிவிட்டுப் புதிதாக இடுவது மூன்றாவது. அன்றாடப் பயன்பாட்டுக்கு முதல் வகையே போதும். மொழியை மாற்றிய பிறகு பழைய படங்களிலும் அது தெரிய வேண்டுமென்றால் மூன்றாவது வகை தேவைப்படும் என்பதால்தான் பலர் அதை மொத்த நூலகத்தின் மீதும் இயக்கிவிடுகிறார்கள். பூட்டு இல்லாத படங்களில் உங்கள் திருத்தத்தின் மேல் இணையத் தகவல் ஏறிவிடும். அதுவே என்எஃப்ஓவிலும் திரும்ப எழுதப்படக் கூடும். ஆகவே கையால் திருத்திய ஒவ்வொரு படத்திலும், திருத்தும் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள பூட்டைப் போட்டுவிடுங்கள். முழுப் படத்தையும் பூட்டலாம். கதைச்சுருக்கத்தை மட்டும், நடிகர்களை மட்டும் என்று புலம் புலமாகவும் பூட்டலாம். நான் பெரும்பாலும் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் பூட்டி, மற்றவை புதுப்பிக்கப்பட இடம் விடுகிறேன்.

நூலக அமைப்பில், இணையத்திலிருந்து தானாகவே புதுப்பிக்கும் கால இடைவெளி என்று ஒன்று உண்டு. ‘ஒருபோதும் வேண்டாம்’ என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். 1960-களில் வந்த படத்தின் தகவல் மாதந்தோறும் மாறப்போவதில்லை.

நங்கநல்லூர்வாசி (ஞாயிறு, காலை)

மிக்க நன்றி. நேற்றிரவே தொடங்கிவிட்டேன். ஆண்டும் எண்ணும் சேர்த்தவுடன் இரு ‘பில்லா’க்களும் பிரிந்து, அவரவர் போஸ்டரோடு தனித்தனியே நிற்கின்றன.

இரண்டு ஐயங்கள். ஃபோல்டர்களின் பெயரையும் தமிழிலேயே வைக்கலாமா? அடுத்தது, ஜெல்லிஃபினின் தேடல் பெட்டியில் ‘ஸ்ரீ’ என்று தட்டச்சு செய்தால் அந்த எழுத்தில் தொடங்கும் சில படங்கள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன.

சைதாப்பேட்டை_தமிழ் (ஞாயிறு, காலை)

தாராளமாகத் தமிழில் வையுங்கள். இன்றைய எல்லா இயங்குதளங்களும் ஒருங்குறியில் (யூனிகோட்) கோப்புப் பெயரை ஏற்கின்றன. தமிழ்ப் படத்தின் பெயரைத் தமிழில் எழுதத் தயங்க வேண்டிய காலம் போய்விட்டது. ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘ழ’கரத்துக்கு ஒருவர் ஒரு மாதிரி, நெடிலுக்கு ஒருவர் ஒரு மாதிரி என்று எழுத்துக்கூட்டல் மாறி மாறி வந்து அதுவே பொருத்தப் பிழைக்குக் காரணமாகிறது. தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

திருவான்மியூர்_சர்வர் (ஞாயிறு, நண்பகல்)

சைதாப்பேட்டை நண்பரே, உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு. திரையில் தெரியும் தலைப்பு தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் வட்டில் உள்ள கோப்புப் பெயர் வேறு, திரையில் தெரியும் தலைப்பு வேறு. கோப்புப் பெயரை நான் ஆங்கில எழுத்தில் வைப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ என்பதை எண்ணிப் பாருங்கள்: முதற்சொல்லில் 14 குறியீடுகள், இரண்டாவதில் 7, மூன்றால் பெருக்கி இடைவெளியையும் சேர்த்தால் 64 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 24 பைட்டுக்குள் முடிந்துவிடும். 255-க்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் சில நாஸ் (வீட்டு வலையமைப்பில் இணைக்கும் சேமிப்பகம்) பெட்டிகளில் மறையாக்கம் செய்த பகிர்வு ஃபோல்டரில் எல்லை 143 பைட்தான். அதாவது ஏறத்தாழ 47 தமிழ்க் குறியீடுகள். தலைப்போடு ஆண்டு, எண், தரம், வசனக் கோப்பின் மொழிக்குறி எல்லாம் சேரும்போது நீண்ட தலைப்புகள் எல்லையைத் தொட்டு, கோப்பு நகலாகாமல் நின்றுவிடும்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து, கணினிக்கு இரண்டாக இருக்கிறது. ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’வில் தொடங்கி எழுதும் முறை ஒன்று, 2005-இல் ஒருங்குறி 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கி எழுதும் முறை மற்றொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் தெரியும். விசைப்பலகை ஒன்றைத் தருகிறது, தரவுத்தளத்தில் இருப்பது மற்றொன்று என்றால் தேடல் தவறும். ‘கொ’ போன்ற எழுத்துகளிலும் இது உண்டு: கொம்பையும் காலையும் சேர்த்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரு குறியீடுகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்து வந்தது. அங்கிருந்து நகலெடுத்த ஃபோல்டர் ஒன்றும் லினக்ஸில் நீங்கள் உருவாக்கிய ஃபோல்டர் ஒன்றும் ஒரே பெயரில் அருகருகே இருப்பதைக் காண முடியும். ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்திருப்பதும் பரவலாகக் காணப்படுகிறது. ஐயத்துக்குரிய தலைப்பை அழித்துவிட்டு உங்கள் வீட்டு விசைப்பலகையிலேயே மறுபடி தட்டச்சு செய்து பூட்டிவிடுவதுதான் எளிய வழி.

பெரம்பூர்_நூலகர் (ஞாயிறு, மாலை)

சர்வர் தம்பி சொன்னதோடு வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியின் குறியீட்டு வரிசை நம் அகரவரிசை அன்று. அகராதியில் ‘ன’ கடைசி மெய். ஒருங்குறியில் அது ‘ந’வுக்கு அடுத்து, ‘ப’வுக்கு முன் வருகிறது. ஆகவே அகராதி முறைப்படி ‘அபூர்வ ராகங்கள்’ முன்னும் ‘அன்பே வா’ பின்னும் வர வேண்டியிருக்க, மென்பொருள் பொதுவாக இதைத் தலைகீழாகக் காட்டும். ‘ற, ல, ள, ழ, வ’ என்ற எழுத்துகளிலும் இதே மாற்றம் உண்டு. அகராதியோடு பழகிய பெரியவர்கள் ‘இந்தப் படம் இல்லையே’ என்று நினைத்துவிட இது போதும்.

இதற்கென்றே ‘வரிசைப் பெயர்’ என்று தனிப் புலம் இருக்கிறது. திரையில் தெரியும் தலைப்பைத் தொடாமல், வரிசைக்கு மட்டும் அங்கே வேறொரு வடிவத்தை எழுதலாம். ஆங்கில எழுத்தில் எழுதினால், ஜெல்லிஃபினின் ஓரத்தில் உள்ள ஆங்கில எழுத்து வரிசையை அழுத்தித் தாவுவதும் சாத்தியமாகும். தொடர் படங்களுக்கு வரிசைப் பெயரின் இறுதியில் எண்ணைச் சேர்த்தால் அவை முறைப்படி நிற்கும்.

கொளத்தூர்_இசை (ஞாயிறு, இரவு)

இவ்வளவு பேசியும் யாரும் இசையமைப்பாளரைப் பற்றிப் பேசவில்லையே என்று வருந்தினேன். எங்கள் வீட்டில் ‘இன்று இளையராஜா படம் பார்க்கலாம்’ என்றுதான் தேர்வு தொடங்கும். கோடியின் திரைப்படத் தரவில் இயக்குநருக்கும் எழுத்தாளருக்கும் இடம் இருக்கிறது, இசையமைப்பாளருக்கென்று தனிப் புலம் இல்லை. தமிழ்ப் படத்துக்கு இது பெரிய குறை.

நான் குறிச்சொல் (டேக்) முறையைப் பயன்படுத்துகிறேன். 1976-இன் ‘அன்னக்கிளி’ முதல் இளையராஜா படங்களுக்கெல்லாம் ‘இசை இளையராஜா’ என்று ஒரே வடிவில் குறிச்சொல் இடுகிறேன். 1992-இன் ‘ரோஜா’ முதல் ‘இசை ரகுமான்’. முன்னால் ‘இசை’ என்ற சொல்லை வைப்பதால், குறிச்சொற்களின் பட்டியலில் இசையமைப்பாளர்கள் அனைவரும் ஒரே இடத்தில் திரள்கிறார்கள். 1965-இன் ‘ஆயிரத்தில் ஒருவன்’ போல விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த படங்களுக்கு இரு பெயர்களையும் இரண்டு குறிச்சொற்களாகத் தர வேண்டும். இரட்டையர் பெயரை ஒரே குறிச்சொல்லாக இட்டால், எம். எஸ். விஸ்வநாதன் தனியே இசையமைத்த படங்களோடு அவை சேராது. கோடியில் இந்தக் குறிச்சொற்களைக் கொண்டு ஸ்மார்ட் பிளேலிஸ்ட் (விதிப்படி தானாகத் திரளும் பட்டியல்) அமைத்து முகப்பிலேயே வைக்கலாம். குறிச்சொற்கள் என்எஃப்ஓவிலும் எழுதப்படுவதால் பாதுகாப்பாக இருக்கும்.

நடிகர் பெயர்களில் முதலெழுத்துகளைக் கவனியுங்கள். கோடி ஒருவரைப் பெயரின் எழுத்துகளைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறது. ‘எஸ். வி. ரங்காராவ்’ என்று இடைவெளி விட்டு ஒரு படத்திலும், இடைவெளி இல்லாமல் இன்னொரு படத்திலும் எழுதினால் அவர் இரண்டு பேராகிவிடுவார். அவர் படங்கள் இரண்டு பட்டியல்களாகப் பிரிந்துவிடும்.

வடபழனி_எடிட் (திங்கள், காலை)

சகோதரி சொன்ன குறிச்சொல் முறை அருமை, நானும் எடுத்துக்கொள்கிறேன்.

சர்வர் நண்பருக்கு ஒரு மறுமொழி. மூலத்தில் திருத்தியதை வேறொருவர் மாற்றலாம் என்றீர்கள், உண்மைதான். ஆனால் டிஎம்டிபியில் ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது என்ற வரலாற்றோடு பதிவாகிறது. தவறான மாற்றத்தை முறையிடவும் முடியும். தமிழில் 1950-கள், 1960-களின் படங்கள் பலவற்றுக்கு நடிகர் பட்டியல்கூட முழுமையாக இல்லை. அந்தப் படங்களின் தொடக்கத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் படித்து எழுதக்கூடியவர்கள், தட்டை வீட்டில் வைத்திருக்கும் நம் போன்றவர்கள்தாம். நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? என்எஃப்ஓவில் எழுதுங்கள், பூட்டுங்கள், மறுக்கவில்லை. அதே உரையை மூலத்திலும் ஒருமுறை இட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

திருவான்மியூர்_சர்வர் (திங்கள், நண்பகல்)

இதை மறுப்பதற்கில்லை. முதலில் மூலத்தில் எழுதி, அங்கிருந்து வீட்டுக்கு இறக்கி, சரிபார்த்த பின் பூட்டுவது என்ற வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். மூலத்தில் எழுதியது வந்து சேரச் சற்றுத் தாமதமாகலாம்; உடனே வரவில்லையென்று மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டாம்.

நங்கநல்லூர்வாசி (திங்கள், மாலை)

கடைசியாக ஒரு கேள்வி. அப்பாவிடம் ஒரே தட்டில் மூன்று படங்கள் உள்ள டிவிடிகள் பல இருக்கின்றன. அவற்றை அப்படியே முழுத் தட்டாக நகலெடுத்து வைத்திருக்கிறேன். எந்தப் படத்தின் பெயரைக் கொடுத்தாலும் மற்ற இரண்டும் மறைந்துவிடுகின்றன. வேறு வழி உண்டா?

பெரம்பூர்_நூலகர் (திங்கள், இரவு)

உண்டு. தட்டை முழுதாக வைக்காமல், மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் ஒவ்வொரு தலைப்பையும் (தட்டில் உள்ள தனித்தனி வீடியோப் பகுதியை இப்படித்தான் அழைப்பார்கள்) தனித்தனி எம்கேவி வீடியோக் கோப்பாகப் பிரித்தெடுங்கள். தட்டைத் திறந்தவுடன் தலைப்புகளும் அவற்றின் ஓடும் நேரமும் வரும். இரண்டரை மணி நேரம் அளவில் உள்ளவை படங்கள், சில நிமிடங்களே உள்ளவை விளம்பரங்களும் பாடல் துணுக்குகளும். பிரித்த கோப்புகளுக்குப் படத்தின் பெயர் வராது, வெறும் தலைப்பு எண்தான் வரும் என்பதால், ஒவ்வொன்றையும் சிறிது ஓட்டிப் பார்த்து, எந்தப் படம் என்று உறுதி செய்த பிறகே ஃபோல்டருக்குப் பெயரிடுங்கள். மேலுறையில் அச்சிட்டுள்ள வரிசையும் தட்டில் உள்ள வரிசையும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சில தட்டுகளில் ஒரே படம் இரண்டு தலைப்புகளாக, இடைவேளைக்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்திருக்கும். அப்படியானால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, கோப்புப் பெயரின் இறுதியில் சிறு கோடும் ‘பார்ட்1’, ‘பார்ட்2’ என்பதும் ஆங்கில எழுத்தில் சேர்த்தால், ஜெல்லிஃபின் அவற்றை ஒரே படமாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து ஓட்டும். பிரித்து முடித்த பின் மூன்று ஃபோல்டர்களுக்கும் எண்களை இட்டு, முதல் வகைப் புதுப்பிப்பை மட்டும் இயக்குங்கள்; ஏற்கெனவே பூட்டியவற்றுக்கு ஒன்றும் ஆகாது.